வடக்கே போகப் போக நீளும் கிலோமீட்டர்

எங்கள் புறாப் பந்தயச் சங்கத்தில் ஒருவருக்கு ‘ரெண்டு’ என்று பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப். ஊரின் உயரமான பதினோரு கட்டடங்களின் லிஃப்ட்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சங்கத்தின் பெரிய பந்தயத்தில் ஒன்பது முறை கலந்துகொண்டு ஏழு முறை இரண்டாவதாகவும் இரண்டு முறை மூன்றாவதாகவும் வந்தவர். பெயர் வைத்தவர் எங்கள் தலைவர். அவருக்குத் திரைச்சீலைக் கடை. தலைவர் ஒரு பெயர் வைத்தால் சிரிக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று கருதுகிற சங்கம் எங்களுடையது. சிரித்தோம்.

பந்தயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் புறாக்களையும் லாரியில் ஏற்றி, வெகு தூரத்தில் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குத்தான் திரும்பும். வந்ததும் காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரப் பெட்டிக்குள் போட்டுத் திருகினால் நேரம் பதிவாகிவிடும். ஆனால் வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. சிலர் ஊரின் வடக்கே, சிலர் தெற்கே. ஆகவே முதலில் வந்த புறா வென்ற புறா அல்ல. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும். அந்த வகுத்தலைப் பத்தொன்பது வருடங்களாக நான்கு தசமத்துக்குக் கணக்கிட்டு, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு வந்தவன் நான். நேரம் கடிகாரத்திலிருந்து வந்தது. தூரம் தலைவரிடமிருந்து வந்தது.

தலைவர் தூரத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். சலவைக் கடைக்கு மேலே உள்ள சங்க அறையில், ஜன்னலுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம் தொங்கியது. தலைவர் தம் செலவில் வாங்கியது என்பதை வருடத்துக்கு நான்கு முறை கேட்போம். அதற்குப் பின்புறம் காடாத்துணி ஒட்டி, மேலும் கீழும் திரைச்சீலைக்கு மடிப்பதுபோல் மடித்துத் தைத்து, கீழ் மடிப்புக்குள் ஒரு பித்தளைக் கம்பியையும் செருகியிருந்தார். காற்றடித்தாலும் ஆடாது. அளவு, ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். தம் கடையின் எஃகு அளவுகோலை வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, கால் மில்லிமீட்டர் வரை படித்துச் சொல்வார். “முப்பது வருஷமா அளக்குறேன். நான் அளந்து வெட்டின துணி ஒரு ஜன்னல்லயும் குட்டையாப் போனதில்ல” என்பார். உண்மைதான். ஜன்னல்கள் தட்டையானவை.

லிஃப்ட்காரருக்கு ஊரின் தெற்குக் கோடியில், ஆறு மாடிக் குடியிருப்பொன்றின் கடைசி மாடியில் வீடு. மொட்டை மாடியில் புறாக்கூடு. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. அந்த அம்மாள் புறாக்களின் பேரில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் தீவனம் அளந்து போடுவது அவர்தான். பந்தயத்துக்குப் போகும் சாம்பல் நிறப் பெட்டைக்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

“ஏன் அத்தைன்னு கேட்டீங்கன்னா, எங்க போய்ட்டு எப்ப வந்தாலும் முதல்ல வீட்டைச் சுத்திப் பார்த்து ஒரு குறை கண்டுபிடிக்கும். அப்புறந்தான் உள்ள நுழையும். எங்க வீட்டுக்காரரோட அக்கா அப்படியேதான்” என்று என்னிடம் சொன்னார்.

அவருடைய பத்தாவது பருவத்தில் அந்தக் கூட்டுக்கு ஆபத்து வந்தது. குடியிருப்போர் சங்கம் மொட்டை மாடியைத் துணி காயப்போட எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தது. லிஃப்ட்காரர் கெஞ்சியதில் செயலாளர் ஒரு சலுகை காட்டினார்: இந்த வருடம் பெரிய பந்தயத்தில் முதலிடம் என்று சான்றிதழ் கொண்டுவந்தால் கூடு இருக்கலாம், கட்டடத்துக்கும் பெருமை. இல்லையென்றால் பருவம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டைப் பிரித்துவிட வேண்டும். இதைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டே கொடுத்தார்கள்.

பந்தயப் புறாவை வேறு வீட்டுக்கு மாற்ற முடியாது. அது பிறந்து பறந்து பழகிய கூட்டுக்குத்தான் திரும்பும். கூட்டைப் பிரித்தால் இருபத்து மூன்று புறாக்களும் வெறும் மாடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும்.

பந்தயத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கடிகாரங்களைச் சரிபார்க்கச் சங்க அறையில் கூடினோம். என் மேசைக்கு முன்னால் வரிசை நீளம். லிஃப்ட்காரர் தம் முறைக்காகக் காத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நின்றார். பத்தொன்பது வருடமாக எல்லோரும் நின்ற இடம். நாங்கள் அதில் ஊரையும் புறா திறக்கும் இடத்தையும் பார்ப்போம். அவர் கோடுகளைப் பார்த்தார். பாகைக்கு ஒன்றாகக் குறுக்கே ஓடும் அட்சக் கோடுகள். பையிலிருந்து டேப்பை எடுத்து அந்தக் கோடுகளுக்கு நடுவே அளக்க ஆரம்பித்தார்.

“சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க” என்று என்னைக் கூப்பிட்டார். “இந்தக் கோடு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நிஜத்துல எவ்வளவு தூரம்?”

“எல்லாம் ஒண்ணுதான். நூத்திப் பதினோரு கிலோமீட்டர், கொஞ்சம் முன்னப்பின்ன.”

“அப்ப இதைப் பாருங்க. கடைசிக் கட்டம் இருபத்திரண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர். அடுத்தது இருபத்திரண்டு புள்ளி எட்டு. இருபத்திமூணு புள்ளி மூணு. இருபத்திமூணு புள்ளி ஏழு. மேல் கட்டம் இருபத்திநாலு புள்ளி ரெண்டு. மாடிக்கு மாடி உயரம் கூடிக்கிட்டே போகுது. இப்படி ஒரு கட்டடத்துல நான் லிஃப்ட் மாட்டி, எல்லா மாடியும் ஒரே உயரம்னு நம்பி ஓட்டினா, ஆள் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பான்.”

என்னுடைய அளவுகோலால் நானும் அளந்தேன். அதே எண்கள். பத்தொன்பது வருடம் அந்தப் படத்துக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து நான்கு தசமம் எழுதியவனுக்கு, படத்தை ஒருமுறை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. என் நான்கு தசமங்களைப் பற்றி நான் இப்போது சொல்லக்கூடியது, மூட்டை மண்ணை நகைக் கடைத் தராசில் நிறுத்தேன் என்பதுதான்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பூமி உருண்டை. உருண்டையின் தோலை உரித்து மேசையில் விரித்தால் மேல்பக்கம் கிழியும். கிழியாமல் காட்ட வேண்டுமென்றால் மேலே போகப் போக இழுத்து நீட்ட வேண்டும். இந்த வகைப் படம் அதைத்தான் செய்கிறது. பல் டாக்டர் ஒருவர் எங்கள் செயற்குழுவில் இருக்கிறார். அவருடைய காத்திருப்பு அறையில் ஓர் உலகப் படம் தொங்குகிறது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் பதினான்கு கிரீன்லாந்தைக் கொட்டினால்தான் ஆப்பிரிக்கா நிரம்பும். பல்வலியோடு வருகிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. வலி இல்லாதவர்களும் கேட்பதில்லை.

புறா திறக்கும் இடம் எங்களுக்கு நேர் வடக்கு. ஆகவே பாகைகளை எண்ணினாலே தூரம் கிடைத்துவிடும். எண்ணினேன். ஊரின் வடகோடியில் இருக்கும் தலைவர் வீட்டுக்குச் சரியான தூரம் நானூற்று எழுபத்தாறு கிலோமீட்டர். சுவர்ப் படம் தந்தது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. லிஃப்ட்காரர் வீட்டுக்குச் சரியான தூரம் ஐந்நூறு. படம் தந்தது ஐந்நூற்று இருபத்திரண்டு புள்ளி மூன்று. இருவருக்கும் கிலோமீட்டரை வாரி வழங்கியிருக்கிறது, ஆனால் ஒரே விகிதத்தில் அல்ல. நீட்டிய வடபகுதி இருவருக்கும் பொது. லிஃப்ட்காரரின் புறா கூடுதலாகப் பறக்கும் தெற்குத் துண்டு மட்டும் அவ்வளவாக நீளவில்லை. கணக்குப் போட்டால், ஒவ்வொரு பெரிய பந்தயத்திலும் அவர் தலைவருக்கு ஏறத்தாழ நாற்பத்தொன்பது வினாடியைத் தானமாகக் கொடுத்திருக்கிறார். பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். பத்தொன்பது வருடத்தில் ஊரின் தென்பாதியிலிருந்து ஒருவரும் பெரிய கோப்பையைத் தொடவில்லை. தலைவர் ஆறு முறை தொட்டிருந்தார், பல் டாக்டர் மூன்று முறை. தெற்குத் தண்ணீர் புறாவுக்கு ஆகாது என்று இதற்குப் பல் டாக்டர் ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

அந்த வாரமே செயற்குழுவைக் கூட்டச் சொன்னோம். லிஃப்ட்காரர் டேப்பை நீட்டிக் காட்டி விளக்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். அறை சிரித்தது.

“கூடம் கோணல்தாங்க. அதைத்தான் அளந்து காட்டுறேன்” என்றார் லிஃப்ட்காரர்.

“படம் போட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நமக்குத்தான் தெரியல.”

“எல்லாருக்கும் ஒரே படம், ஒரே ஸ்கேல்” என்றார் பல் டாக்டர். “இதுல என்னய்யா அநியாயம்?”

“டாக்டர், எல்லாருக்கும் ஒரே அளவுல பல் கட்டிவிடுவீங்களா?”

இதற்கும் சிலர் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக. தலைவர் எழுந்துவிட்டார். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தூரத்தை மாற்றினால் ஊர் சிரிக்கும் என்றும், பருவம் முடிந்த பிறகு ‘பரிசீலிக்கலாம்’ என்றும் தீர்ப்பாயிற்று. பருவம் முடிந்த பிறகு அந்த மனிதருக்குக் கூடே இருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போய் லிஃப்ட்காரர் விஷயத்தைச் சொன்னபோது நான் கூட இருந்தேன். மனைவி மருந்துக் கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“அப்ப பத்து வருஷமா அந்தப் பட்சி சரியாத்தான் வந்திருக்கு?”

“சரியாத்தான் வந்திருக்கு.”

“நான்தான் அதை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்.” சற்று யோசித்தார். “உங்களையும்.”

“என்னைப் பேசினது பரவாயில்ல.”

“அதுக்கு நான் வருத்தப்படலியே. அத்தைக்குத்தான் வருத்தப்படுறேன்.”

பந்தயம் நடந்தது. காலை ஆறரை மணிக்குத் திறந்தார்கள். லேசான தெற்குக் காற்று. தலைவரின் கடிகாரத்தில் ஒரு மணி ஒன்பது நிமிடம் ஐம்பத்து நான்கு வினாடி. லிஃப்ட்காரரின் கடிகாரத்தில் ஒரு மணி இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. கூட்டைச் சுற்றி ஒரு வட்டமடித்துக் குறை பார்த்துவிட்டுத்தான் அத்தை இறங்கியதாக மனைவி பிறகு என்னிடம் சொன்னார். அதற்கு எத்தனை வினாடி என்று கேட்டேன். அவர் எண்ணவில்லை.

மாலையில் எல்லோர் முன்னிலையிலும் முத்திரைகளை உடைத்து வகுத்தேன். சங்கத்தின் தூரப்படி தலைவருக்கு நிமிடத்துக்கு 1245.8115 மீட்டர், லிஃப்ட்காரருக்கு 1244.1639. கைதட்டினார்கள். தலைவர் நன்றி சொல்லவே எழுந்துவிட்டார். நான் உட்காரவில்லை. சரியான தூரப்படியும் வகுத்துவிட்டேன் என்று சொல்லி அதையும் வாசித்தேன். தலைவருக்கு 1190.2976. லிஃப்ட்காரருக்கு 1191.0434.

“யார் உம்மை அப்படி வகுக்கச் சொன்னது?” என்றார் தலைவர்.

“விதி சொல்லுது. ‘திறக்கும் இடத்துக்கும் கூட்டுக்கும் உள்ள நேர்த் தூரம்.’ சுவர்ல இருக்கிற படத்தைப் பத்தி விதியில ஒரு எழுத்தும் இல்ல.”

லிஃப்ட்காரர் இதற்குள் வரைபடத்தின் முன்னால் குனிந்திருந்தார். “ஒரு சந்தேகம். மூணு பக்கமும் ரெட்டைக் கோட்டுல கரை இருக்கு. கீழ்ப் பக்கம் மட்டும் கரையைக் காணோமே?”

“அது மடிப்புக்குள்ள போயிருக்கும். கம்பி செருக ரெண்டு அங்குலம் மடிச்சேன்” என்றார் தலைவர். தொழில் பெருமை அந்த நேரத்திலும் அவரை விடவில்லை. “மடிக்காம விட்டா ஓரம் சுருளும்.”

“பிரிச்சுப் பார்க்கலாமா?”

தலைவர் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் முப்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரின் பையிலிருந்து சிறு கத்தரி வந்தது. தலைவரே தையலை வெட்டினார். மற்றவர் வெட்டினால் காகிதம் கிழிந்துவிடுமாம். மடிப்பு விரிந்தது. ஓரத்தில் கரையும், கரைக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தன: ‘இங்கே தரப்பட்ட அளவு கீழ்க்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும், வடக்கே செல்லச் செல்ல மாறும்.’

படத்தைச் செய்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் தலைவர் அதை மடித்து, இரட்டைத் தையல் போட்டு, உள்ளே பித்தளைக் கம்பியும் செருகிவிட்டார். படத்தில் அச்சிட்டிருந்த அளவைப் பார்த்தவர் அதற்குக் கீழே இருந்த வரியைத் துணி ஓரம் என்று நினைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களாவது தெரிந்து மறைக்கிறார்கள்.

கதவை மூடிக்கொண்டு செயற்குழு ஒன்றரை மணி நேரம் பேசியது. படம் தவறு என்பதில் அங்கே யாருக்கும் இப்போது சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் கோப்பைகளைப் பற்றித்தான். இந்த வருடத்தைத் திருத்தினால் போன வருடத்தையும் திருத்தச் சொல்வார்கள். அப்புறம் அதற்கு முந்தியது. கடைக் கண்ணாடிக்குள் ஆறு கோப்பைகளை வெளிச்சம் போட்டு வைத்திருக்கும் தலைவர் அவற்றில் எத்தனையை இறக்குவது? “எங்க மாமனார் வீட்டுக்கெல்லாம் போட்டோ அனுப்பியாச்சு” என்றார் பல் டாக்டர். மெத்தப் படித்தவர், அவர் முன்வைத்த வாதம் இதுதான்.

கடைசியில் லிஃப்ட்காரரை உள்ளே அழைத்தார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“கோப்பை உங்களுக்கே இருக்கட்டும்” என்றார். “பழசு எதையும் நான் கிளறல. இந்த வருஷப் பதிவேட்டுல உள்ளதை உள்ளபடி எழுதணும், அத்தை முதல்ல வந்ததுன்னு. அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” தலைவரால் நம்ப முடியவில்லை.

“அடுத்த பருவத்துலேர்ந்து தூரமும் சரியா இருக்கணும்.”

தலைவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். “காகிதந்தானே, குடுத்துத் தொலைங்க!” என்று என் பக்கம் கையை வீசினார். பத்தொன்பது வருடம் ஒரு காகிதத்தைச் சுவரில் மாட்டிக் கும்பிட்டவர் சொன்ன சொல் அது. கோப்பையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பதிவேட்டில் எழுதினேன். சான்றிதழையும் எழுதினேன். தூரம், நேரம், வேகம், முதலிடம், சங்க முத்திரை. மறுநாள் காலையில் லிஃப்ட்காரரின் மனைவி அதைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கொண்டுபோனார். கணவரை அனுப்பினால் நன்றி சொல்லியே காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று அவருக்குப் பயம்.

செயலாளர் இருமுறை படித்தாராம். “கப் எங்கம்மா?”

“கப் கேட்டா எழுதியிருந்தீங்க? சான்றிதழ்னுதான் எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதானே இது?”

செயலாளர் தம் கையெழுத்தைப் பார்த்தார். கூடு இருக்கலாம் என்று அதன் கீழேயே எழுதிக் கொடுத்தார். துணிக் கொடியைக் கூட்டுக்கு நான்கு அடி தள்ளிக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

புதிய தூரப் பட்டியலைத் தயாரிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முப்பத்தாறு உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் நான்கு திறப்பிடம். செயற்குழுவில் மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டு அது நடைமுறைக்கு வந்தது, தலைவர் மட்டும் போடவில்லை. பட்டியலில் கோளாறு இருப்பதாகவும், அதைவிடப் பெரிய படம் ஒன்றுக்குச் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தார். அதையும் மடித்துத் தைப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்துக்கு லாரியில் ஏறிய கூடைகள் முப்பத்தாறு. பதினேழாவது கூடை லிஃப்ட்காரருடையது. அத்தை அன்று எட்டாவதாக வந்தது, சரியான தூரத்தின்படிதான். கணக்கை இருமுறை பார்த்தேன். தவறில்லை.